போணி நேரத்து வாக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவாஞ்சேரி மீன் மார்க்கெட்டில் கால் வைக்க இடமிருக்காது. வாரம் முழுக்க சாம்பாரைச் சகித்துக்கொண்டவர்கள் எல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கெட்டிக்கார வியாபாரி அன்றைக்கு ஒன்பது மணிக்குள் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

சரளா கெட்டிக்காரிதான். ஆனாலும் ஆறே முக்கால் ஆகியும் அவள் கூடையில் சங்கரா மீன் வைத்தது வைத்தபடி கிடந்தது. எதிரே ஐந்து பையன்கள் நின்றார்கள். ஐந்து பேர் கையிலும் செல்போன் இருந்தது, ஒருவன் கையிலும் பை இல்லை.

நம் சரளாவுக்கு இந்தத் தொல்லை ஆரம்பித்து எட்டு மாதமாகிறது. 'பிராங்க்' வீடியோ போடுகிற ஒருவன் ஒருநாள் விடியற்காலையில் முதல் ஆளாக வந்தான். மீனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து அடிமாட்டு விலைக்குக் கேட்டான். அவள் மனசு இறங்கி சரி என்றதும், வேண்டாம் என்று நடையைக் கட்டிவிட்டான். முதல் கிராக்கி வெறுங்கையோடு திரும்பினால் அன்றைய பொழுதே பாழ் என்பது மீன்காரம்மாக்களுக்கு வேதம். சரளா வாயைத் திறந்தாள்.

“உன் வூட்டு அடுப்பு எரியாதுடா! உன் வாசல்ல கோலம் நிக்காதுடா! போடா!”

அவ்வளவுதான் சொன்னாள். யாரோ அதற்கு டிரம்ஸ் அடித்தார்கள். கல்லூரி விழாவில் ஆயிரம் பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு பாடினார்கள். டீவி காமெடி நிகழ்ச்சியில் மீசை வைத்த ஒருவர் சேலை கட்டி சரளாவாக நடித்து முதல் பரிசை வாங்கிக்கொண்டு போனார். நாற்பது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள் என்று சொல்கிறார்கள்.

சரளாவுக்குத்தான் தூக்கம் போயிற்று. ஒரு பையனுக்குச் சொன்ன சாபம் இப்போது வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறதே என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. போன வாரம் கோவளத்தில் தன் குப்பத்து எல்லையம்மன் முன்னால் கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, மகள் கழுத்தில் தாலி ஏறும்வரை அந்த வாக்கு தன் வாயில் வராது என்று சத்தியம் செய்துவிட்டு வந்தாள். 'இதெல்லாம் ஒரு சத்தியமா' என்று கேட்கப்போகிற வாசகிகளுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் மீன் விற்றதில்லை.

“சங்கரா எவ்ளோ ஆண்ட்டி?” என்று முதல் பையன் கேட்டான். செல்போன் அவள் முகத்துக்கு நேராக இருந்தது.

சரளா விலை சொன்னாள்.

“கிலோ அம்பது ரூபாக்குத் தரியா?”

அவள் மீன்மேல் ஐஸைத் தள்ளினாள்.

“ஐயே, வேணாம்ப்பா” என்று அவன் இரண்டு அடி நடந்து திரும்பிப் பார்த்தான். அடுத்தவன் வந்து அதையே கேட்டான். மூன்றாமவனும் கேட்டான். அவள் வாய் திறக்கவில்லை என்றதும் அவர்களுக்கே சலித்துவிட்டது.

“இன்னா ஆண்ட்டி, மூடு இல்லியா? ஒரே ஒரு தபா சொல்லு. அடுப்பு மட்டும் சொல்லு, கோலம் வேணாம்.”

பக்கத்தில் மசாலாக் கடை வைத்திருக்கும் பஷீரா அப்போதுதான் ஷட்டரைத் தூக்கினாள். விஷயம் புரிந்ததும் சாவியைக்கூட எடுக்காமல் ஓடி வந்தாள்.

“சரளா, நெத்திலி அம்பது ரூபாக்குக் குடு. இந்தா, போணி ஆயிப் போச்சு. நவுந்து போங்கடா, வேலையத்ததுங்களா!”

எட்டு மாதமாக இதுதான் நடக்கிறது. தினமும் பஷீராதான் போணி. அவள் மகன் ஜாகிர் இப்போதெல்லாம் தட்டில் நெத்திலியைப் பார்த்தாலே எழுந்து போய்விடுகிறானாம்.

“இன்னிக்கு லேட் ஆயிடுச்சு, மன்னிச்சுக்கோ” என்றாள் பஷீரா.

“உனுக்கு எதுக்குக்கா இந்த பேஜாரு” என்றாள் சரளா. கண் கலங்கியதை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். “இன்னிக்காவது நல்லபடியா விக்கணும்னு நெனச்சேன். சாயந்தரம் பொண்ணுக்கு நிச்சயம்.”

பையன்கள் போனபிறகு நிஜமான கிராக்கிகள் வந்தார்கள். அவர்களும் மீனை வாங்கிக்கொண்டு, 'நீங்கதானே அது' என்று பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

எட்டரை மணிக்கு ஜெயப்ரியா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். சரளாவின் ஒரே மகள். இருபத்தெட்டு வயது. காட்டாங்குளத்தூரில் ஒரு தனியார் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை.

“அம்மா, போதும் ஏந்திரு. வீட்ல அவ்ளோ வேலை இருக்கு.”

“இன்னும் பாதி மீனு கீதுடி.”

ஜெயப்ரியா அங்கேயே பிளாஸ்டிக் டப்பைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். எதையோ சொல்ல வந்திருக்கிறாள் என்று சரளாவுக்குத் தெரிந்துவிட்டது. பெற்றவளுக்குத் தெரியாதா?

“நேத்து வினோத் பேசினார். அவர் தங்கச்சி சுஜி இன்னைக்கு ஒரு ரீல் எடுக்கணுமாம். நீ அந்த டயலாக்கை ஒரு தடவை சொன்னா போதுமாம். அவரு ஃபிரண்ட்ஸெல்லாம் அதுக்காகவே வராங்க.”

“நீ இன்னா சொன்ன?”

“சரின்னுட்டேன்.”

சரளா கையைத் தூக்கி மஞ்சள் கயிற்றைக் காட்டினாள். “இது எதுக்குக் கட்டிக்கினேன்னு உனுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்மா.”

“தெரிஞ்சுமா சரின்ன?”

“அவங்க நகை கேக்கல. வண்டி கேக்கல. கேட்டது இது ஒண்ணுதான்.” ஜெயப்ரியா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “மாம்பாக்கத்துக்காரங்க ஏன் வேணாம்னாங்க? 'அந்த வாய்க்கு யாரு சம்பந்தி ஆவறது'ன்னாங்க. படப்பைக்காரங்க போன்லயே நிறுத்திட்டாங்க. அந்த வீடியோவாலதான் ரெண்டு இடம் போச்சு. இந்த ஒரு இடம் அதே வீடியோவாலதான் வந்துச்சு. என்னைப் பாத்து வரலம்மா இவங்க. உன்னைப் பாத்துதான் வந்தாங்க.”

அது உண்மைதான். மறைமலை நகரில் ஒரு உதிரி பாகத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கும் வினோத்குமார் முதல் நாள் பெண் பார்க்க வந்தபோது, பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே மாமியாரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டவன். நல்ல பையன்தான். குடி கிடையாது. பெரியவர்களிடம் மரியாதை உண்டு.

“அந்தப் புள்ள வேற எதுனா கேக்கட்டும்டி, செய்யிறேன்” என்றாள் சரளா. “தட்டு மாத்துற எடத்துல, உன்னைக் கட்டிக்கப் போற புள்ள மூஞ்சியப் பாத்து, உன் வூட்டு அடுப்பு எரியாதுன்னு சொல்லணுமா? அது நீ போயி சமைக்கப் போற அடுப்புடி!”

“அது இப்ப ஒரு பாட்டும்மா. அதுக்கு அர்த்தமே கிடையாது. எங்க ஆபீஸ்ல பர்த்டேக்குக் கேக் வெட்டறப்போ அதைத்தான் போடறாங்க.”

“கேக் வெட்டறப்போவா? யா அல்லாஹ்!” என்றாள் மிளகாய்த்தூளை எடை போட்டுக்கொண்டிருந்த பஷீரா.

ஜெயப்ரியா எழுந்தாள். “இதுவும் போச்சுன்னா நான் இனிமே யார் முன்னாடியும் காபி தட்டோட நிக்க மாட்டேன். நீயே முடிவு பண்ணிக்கோ.” ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

மீதி மீனை சரளா வந்த விலைக்குத் தள்ளினாள்.

வீட்டில் அவள் கணவர் சின்னதம்பி கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். அலை தூக்கிப் போட்டதில் முழங்கால் போனதிலிருந்து அவர் கடலுக்குப் போவதில்லை. குப்பத்தை விட்டு கூடுவாஞ்சேரியில் வாடகை வீட்டுக்கு வந்ததும் அதற்கப்புறம்தான். சரளா மொத்தத்தையும் கொட்டினாள்.

“இதுக்குப் போயி ஏம்மே இம்மாம் கவலப்படுற?” என்றார் சின்னதம்பி. “சினிமாவுல வாரா வாரம் சாவுறானுங்க. அடுத்த வாரம் வேற படத்துல வந்து டான்ஸ் ஆடறானுங்க. எவன் செத்தான் சொல்லு? நீயும் அந்த மாரி நடிச்சிட்டுப் போ.”

“அவங்க நடிகருங்கய்யா. நான் மீன் விக்கிறவ. எனுக்கு எங்க நடிக்கத் தெரியும்?”

“அம்மனுக்கு ஒரு கோழி நேந்துக்கலாம். அபராதம் மாரி.”

“சத்தியத்துக்கு அபராதமா? போலீஸ்காரனா அவ, ஹெல்மெட் போடலன்னு புடிக்கிறதுக்கு?”

சின்னதம்பி செல்போனை எடுத்துக்கொண்டார். பதில் தெரியாதபோது செல்போனைப் பார்ப்பது அவர் வழக்கம். அவரை மட்டும் குறை சொல்வானேன், நாம் எல்லாருமே அப்படித்தான் ஆகிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறுவரை ராகு காலம். அதற்கு முன் வாசல்படி ஏறிவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் நாலு மணிக்கே இரண்டு காரில் வந்து இறங்கிவிட்டார்கள். ஆறு மணிக்கு மேல்தான் தட்டு மாற்றுவது. கேசரியும் பஜ்ஜியும் இருபது நிமிடத்தில் காலியாகிவிட்டன.

வினோத்குமாரின் அம்மா நாகலக்ஷ்மி நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பட்டுச் சேலை, கழுத்து நிறைய நகை. இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு கோவளம் கரையில் ஏலம் எடுத்து மீன் கூடை சுமந்தவள். கணவர் பொன்னுசாமி மனை வியாபாரத்தில் தலையெடுத்து வீடு கட்டியபிறகு அவள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. பேச்சைக்கூட மாற்றிக்கொண்டாள்.

நாலே முக்காலுக்கு சுஜி வீடியோ எடுப்பதற்கான வட்ட விளக்கை எடுத்து நிறுத்தினாள். இருபது வயதுப் பெண், துறுதுறுவென்று இருப்பாள்.

“அத்தை, ரெடியா? கூடை, தராசெல்லாம் எங்க இருக்கு? அதோட எடுத்தாதான் ரியலா இருக்கும்.”

வினோத்தின் நண்பர்கள் நாலு பேர் பின்கட்டுக்குப் போய்க் கூடையைத் தூக்கி வந்து கூடத்தில் வைத்தார்கள். மீன் வாசனை வந்ததும் நாகலக்ஷ்மி மூக்கருகே கைக்குட்டையை வைத்துக்கொண்டாள்.

“நல்ல நாளும் அதுவுமா இது எதுக்கு சுஜி?” என்றாள்.

“அம்மா, ஜாலிக்கு. நீ சும்மா இரு” என்றான் வினோத்.

நாகலக்ஷ்மி சும்மா இருந்துவிட்டாள். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கையில் ஒரு வெற்றிலையை வாங்கக்கூட ராகு காலம் முடியட்டும் என்று காத்திருந்த அத்தனை பெரியவர்களில் ஒருவருக்கும், சாபம் கேட்பதற்கு நேரம் பார்க்கத் தோன்றவில்லை.

சரளா மகளைப் பார்த்தாள். ஜெயப்ரியா பச்சைப் பட்டில், தலை நிறையப் பூவோடு சுவரோரம் நின்றிருந்தாள். கண்ணாலேயே கெஞ்சினாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் சரளா போய்க் கூடைக்குப் பின்னால் குந்தினாள். மஞ்சள் கயிற்றை வளையலுக்குள் தள்ளி மறைத்தாள். தாயே, இது என் பேச்சில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

“உன் வூட்டு அடுப்பு எரியாதுடா. உன் வாசல்ல கோலம் நிக்காதுடா. போடா.”

ரேஷன் கடையில் அட்டை நம்பர் சொல்கிற மாதிரி சொல்லி முடித்தாள். அம்மன் காதில் விழுந்திருக்காது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. சுஜி உதட்டைப் பிதுக்கினாள்.

“ஃபீலே வரல அத்தை. அந்த வீடியோல எப்படி இருந்தீங்க! அந்தக் கோவம் எங்க?”

“அவ்ளோதாம்மா வருது.”

“இரு, நான் கஸ்டமரா வரேன்” என்று வினோத் வேட்டியை மடித்துக்கொண்டு கூடைக்கு முன்னால் உட்கார்ந்தான். “சுஜி, லைவ் போட்டுடு. அத்தை, நான் பேசப் பேச உங்களுக்கே தானா வரும் பாருங்க.”

அவன் தராசுத் தட்டைத் தட்டினான். “இன்னா அத்தை, மீனு நேத்துதா, போன வாரத்துதா?”

நண்பர்கள் சிரித்தார்கள். சரளாவும் சிரிக்கப் பார்த்தாள்.

“கிலோ பத்து ரூபா தரேன், குடுக்கறியா? தூ, இன்னா நாத்தம்! இந்த நாறுன மீனை வித்தா பொண்ணைப் படிக்க வெச்ச?”

அவன் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. சிரிப்பு வரவேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. சிரிப்பும் வந்தது. கூடமே சிரித்தது. சுவரோரமிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. ஜெயப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒப்புக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. அவளால் அடக்க முடியவில்லை.

சரளாவுக்கு அந்த ஒரு சிரிப்பு மட்டும்தான் காதில் விழுந்தது. விடியற்காலை மூன்று மணிக்குக் கோவளத்துக்கு வேன் பிடித்து ஓடிய நாளெல்லாம் நெஞ்சில் ஏறிக்கொண்டன. எழுந்து நின்றுவிட்டாள்.

“என் மீனையாடா நாறுதுன்ற? உன் வூட்டு அடுப்பு எரியாதுடா! உன் வாசல்ல கோலம் நிக்காதுடா! உன் வூட்டுக்கு வாழ வர்றவ...”

நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாயில் ரத்தம் கரித்தது.

“எக்ஸ்ட்ரா லைன்! செம அத்தை!” என்று சுஜி துள்ளினாள். நண்பர்கள் விசிலடித்தார்கள். வினோத் கை தட்டிக்கொண்டே எழுந்து வந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

சரளா அவன் தலையில் கை வைக்கவில்லை. கை எழும்பவே இல்லை. அவள் நடிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். மனசாரச் சொல்லிவிட்டாள். எட்டு மாதத்துக்கு முன்பு அந்தப் பையனுக்குச் சொன்னதுகூட இந்த அளவுக்கு வயிற்றிலிருந்து வரவில்லை.

சின்னதம்பி செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, “சோக்கா நடிச்சம்மே” என்றார்.

மீதி ஒரு மணி நேரமும் எல்லாரும் அந்த வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நாகலக்ஷ்மி மட்டும் பார்க்கவில்லை. கைக்குட்டை மடியில் விழுந்து கிடந்தது. அவள் சரளாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மணி அடித்ததும் பெரியவர் ஒருவர், “நல்ல நேரம் வந்தாச்சு, சம்பந்திங்க ரெண்டு பேரும் தட்டை எடுங்க” என்றார். வெற்றிலை, பாக்கு, பழம், பூ நிறைந்த தட்டோடு இரண்டு தாய்மார்களும் எதிரெதிரே நின்றார்கள்.

நாகலக்ஷ்மியின் கை நீளவில்லை.

“அது நடிப்பா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

சரளா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நடிப்புதான் அண்ணி.”

“கூடை தூக்குனவகிட்டயே சொல்றியா?” நாகலக்ஷ்மியின் பேச்சு இருபத்தைந்து வருடம் பின்னால் போய்விட்டது. “நானும் போணி கெட்டு மண்ணை வாரி வுட்டவதாம்மே. எது வாயிலேர்ந்து வருது, எது வயித்துலேர்ந்து வருதுன்னு எனுக்குத் தெரியாதா? வாழ வர்றவன்னு எதையோ சொல்ல வந்தியே, இன்னா அது?”

சரளா ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள். தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு இந்த அண்ணி திரும்பிப் போய்விட்டால்கூடத் தேவலை என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. போனால் சாபம் அந்த வீட்டோடு போகும், மகள் தப்பிப்பாள்.

“அம்மா, தட்டை வாங்குமா! மறுபடி லைவ் போட்டிருக்கேன். பதினாலாயிரம் பேர் பாத்துட்டிருக்காங்க, சிரி!” என்று சுஜி செல்போனைக் கிட்டே கொண்டுவந்தாள்.

நாகலக்ஷ்மி அந்தச் செல்போனைப் பார்த்தாள். வேட்டியும் சட்டையுமாக நிற்கிற மகனைப் பார்த்தாள். இப்போது பின்வாங்கினால் அதுவும் ஒரு வீடியோவாகும், அதற்கும் எவனாவது டிரம்ஸ் அடிப்பான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பல்லைக் காட்டிச் சிரித்தாள். தட்டை வாங்கிக்கொண்டு தன் தட்டைக் கொடுத்தாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவே, முகத்தில் சிரிப்பு மாறாமலே, சரளாவின் காதோரம் குனிந்தாள்.

“இனிமே என் வூட்டுல ஒரு கண்ணாடி டம்ளர் ஒடஞ்சாலும் உன் பொண்ணைத்தான் கேப்பேன்.”

சரளா கையில் தட்டோடு திரும்பிப் பார்த்தாள். ஜெயப்ரியா வினோத்தின் பக்கத்தில் நின்று, சுஜி சொன்னபடி முகத்தைச் சற்றே சாய்த்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.